சாமிக்குக் கொடுத்த சுருட்டு

அண்ணே.

அம்மாவுக்கு நீங்கள் பெரியவன். தோட்டத்தில் கூட்டாளிகள் வைத்த பட்டப்பெயர்கள் வேறு இருந்தன. எனக்கு நீங்கள் அண்ணே மட்டும்தான். ஃபேக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது உங்கள் மோட்டார் சைக்கிள் வாசலில் நிற்பதைப் பார்த்தால் இன்னும் வாய் தானாகக் கூப்பிட்டுவிடுகிறது. உள்ளே இருக்கும் அண்ணிக்கு அது கேட்கும்.

நான் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தேன். அதற்குப் பிறகு மலாய்ப் பள்ளியில் ஒரு வருடம் உட்கார்ந்துவிட்டு நின்றுவிட்டேன். எழுதிப் பழக்கமில்லை. வாயால் சொல்லலாம் என்றால் பாதியில் அழுகை வந்துவிடுகிறது, கேட்கிறவர்கள் தட்டிக்கொடுத்துப் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். என் அண்ணன் இறந்து இன்னும் நாற்பது நாள் ஆகவில்லை. டாக்டர் விடச் சொன்னதும் அவர் சிகரெட்டை விட்டார். விட்ட மனிதனின் கையில் மறுபடியும் புகையை எடுத்துக் கொடுத்தது நான்.

எங்கள் ரப்பர் தோட்டம் மலேசியாவில், மலாக்கா மாநிலத்து லூபோக் சீனா பக்கம். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா போய்விட்டார். அண்ணனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பதினைந்தில் அம்மாவோடு ரப்பர் பால் எடுக்க, பால் மரம் வெட்டப் போனார். விடிவதற்கு முன்னால் மரத்தடியில் நின்றால் கொசு பிய்த்து எடுக்கும். புகை விட்டால் கொசு கிட்டே வராது என்று பெரிய ஆட்கள் ஒரு சிகரெட்டைக் கொடுத்தார்களாம். அம்மாவும் தடுக்கவில்லை. கொசு கடித்துக் காய்ச்சல் வருவதைவிட இது பரவாயில்லை என்று நினைத்தேன் என்றார் அம்மா. தப்பான கணக்குதான். ஆனால் அங்கே எல்லா அம்மாக்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

எனக்கு விவரம் தெரிந்த நாளில் தோட்டத்தில் பால் மரத்தை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனையை நட்டுவிட்டார்கள். அண்ணன் அதில் பழக் குலை வெட்டப் போனார். கொசுவும் பழைய மரங்களும் போய்விட்டன. சிகரெட் போகவில்லை.

காலையில் முதல் சிகரெட்டைப் பிடிக்கும் வரை அண்ணனிடம் நாங்கள் யாரும் பேச மாட்டோம். முகம் கடுகடுவென்று இருக்கும். சட்டையைத் தேடுவார், சட்டை கையிலேயே இருக்கும். பின்கதவைத் திறந்து படியில் உட்கார்ந்து பற்ற வைப்பார். சின்ன வயதில் நான் அதை ஒரு விளையாட்டாக வைத்திருந்தேன். அவர் இழுத்தவுடன் ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணுவேன். பத்து, பன்னிரண்டு வருவதற்குள் அவருடைய தோள் இரண்டும் கீழே இறங்கும். நெற்றிச் சுருக்கம் போகும். கண்ணை லேசாக மூடித் திறப்பார். அதன் பிறகுதான் “தங்கச்சி, பசியாறிட்டியா?” என்று கேட்பார். நான் வளர்ந்து பெரியவளான பிறகும் எண்ணுவதை விடவில்லை. ஒரு நாள்கூட இருபது வரை போனதில்லை.

எப்படி இருக்கும் என்று ஒருமுறை கேட்டேன். மண்டைக்குள் இருந்த இரைச்சலை யாரோ நிறுத்திவிட்ட மாதிரி இருக்கும் என்றார். நான் நம்பினேன். அண்ணனுக்குச் சிகரெட்தான் நிம்மதி, உழைக்கிற மனிதனுக்கு அதுகூட இல்லையென்றால் எப்படி என்று அவருக்காக அண்ணியிடம் சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.

முப்பத்து நாலு வயதில் முதல் நெஞ்சுவலி வந்தது. குலையைத் தூக்கி லாரியில் போடும்போது அப்படியே உட்கார்ந்துவிட்டார். மலாக்காவில் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தார். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. இனி ஒரு சிகரெட்கூடக் கூடாது, தொட்டால் அடுத்த முறை இங்கே வந்து சேர மாட்டாய் என்று மலாயில் சொன்னார். அண்ணன் “பாய்க், டாக்டர்”, சரி டாக்டர் என்று பள்ளிப் பையன் மாதிரி தலையாட்டினார்.

அந்த வார்டில் ஒரு தமிழ் நர்ஸ் இருந்தார், மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவராம், கழுத்தில் சின்னச் சிலுவை. மூன்றாம் நாள் அண்ணன் அண்ணியிடம் எரிந்து விழுந்து, கஞ்சித் தட்டைத் தள்ளிவிட்டார். அண்ணி வராந்தாவில் நின்று அழுதார். மிஸ்ஸி அவரிடம் வந்து சொன்னதை நான் அப்படியே ஞாபகம் வைத்திருக்கிறேன்.

“அக்கா, அது அண்ணனோட கோவம் இல்ல. பால் மரத்துல பால் வடியுறதுக்கு மங்கு கட்டி விடுவோம்ல, அந்த மாதிரி மூளைக்குள்ள சின்னச் சின்ன மங்கு இருக்குன்னு வச்சுக்குங்க. சிகரெட்டுல இருக்குற நிக்கோட்டின் போயி அதுல விழும். விழுந்தா மனசுக்கு இதமா இருக்கும். தெனமும் விழ விழ, மூளை மங்கோட எண்ணிக்கைய கூட்டிக்கிட்டே போவும். இப்ப நிப்பாட்டிட்டாரா, அத்தனை மங்கும் காலியா தொங்குது. அதுதான் இந்த எரிச்சலு.”

அண்ணி மூக்கைத் துடைத்துக்கொண்டு, பிடிக்கும்போது அவருக்கு நிம்மதியாக இருக்கிறதே மிஸ்ஸி என்றார். மிஸ்ஸி சிரித்தார்.

“சிகரெட்டு குடுக்குற நிம்மதி, சிகரெட்டே எடுத்துட்டுப் போன நிம்மதிதான் அக்கா. எடுத்துட்டுப் போயி கொஞ்சங் கொஞ்சமா திருப்பித் தருது. நாமதான் அத நல்லவன்னு நெனச்சுக்குறோம்.”

முதல் மூன்று நான்கு நாள்தான் ரொம்ப மோசம், பிறகு சில வாரத்தில் அந்த மங்கெல்லாம் குறைந்துவிடும் என்றார். ஆனால் மூளை மறக்காது, எத்தனை மாதம் கழித்தும் ஒன்றே ஒன்று பிடித்தால் போதும், பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டு போகும் என்றார். அந்தக் கடைசிப் பேச்சை நான் காதில் வாங்கினேன். மனதில் வாங்கவில்லை போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு நாங்கள் பட்டது போதும் போதும் என்றாகிவிட்டது. அண்ணனுடைய கை சட்டைப்பையைத் தடவிக்கொண்டே இருக்கும். ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் தடவும். டிவியில் ஏதாவது குழந்தை அழுதால் இவர் கண்ணும் கலங்கும். தூக்கம் வராது. எதையும் ஒழுங்காக யோசிக்க முடியவில்லை என்பார், மோட்டாரில் கடை வரை போய்விட்டு எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வருவார். பசி மட்டும் பயங்கரமாக எடுத்தது. ஒரே உட்காரலில் நாலு ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு அண்ணியின் தட்டைப் பார்ப்பார். “வேணும்னா என்னையும் சாப்பிடுங்க லா” என்பார் அண்ணி. நாங்கள் சிரித்தது அந்த நாட்களில்தான்.

தேத்தண்ணி குடிக்கும் ஒட்டுக்கடையில் கூட்டாளிகள் கிண்டல் செய்தார்கள். அவரோடு குலை வெட்டும் ஒருவர், நான் அண்ணன் பிள்ளைகளுக்கு நாசி லெமாக் சோறு வாங்க நிற்கிறேன் என்றுகூடப் பார்க்காமல், “என்னா லா, டாக்டரு ஒரு அதட்டு அதட்டுனோன்ன வாயில பால் போத்தல் வச்சிட்டாப்லயா?” என்றார். அண்ணன் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, “போத்தல்தான். ஒனக்கும் ஒரு எடம் புடிச்சு வச்சிட்டுத்தான் வந்தேன், என் கட்டிலு காலியாத்தான் கெடக்கு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் கை மறுபடியும் சட்டைப்பையைத் தடவியதை நான் பார்த்தேன்.

இரண்டு மாதம் தாண்டியது. ஒரு நாள் மத்தியானம் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சி, “மழை வருது தங்கச்சி, மண்ணு வாடை அடிக்குது” என்றார். அதைக் கேட்டு அண்ணி அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். இத்தனை வருடத்தில் அண்ணனுக்கு ஒரு வாடையும் தெரிந்ததில்லை. பிறகு பார்க்கிறதையெல்லாம் முகர்ந்தார். கறிவேப்பிலை, பிள்ளைகளின் தலை, தன்னுடைய பழைய ஜாக்கெட். ஜாக்கெட்டை முகர்ந்துவிட்டு, இந்த நாற்றத்தைச் சகித்துக்கொண்டா என் பக்கத்தில் படுத்திருந்தாய் என்று அண்ணியிடம் கேட்டார்.

அப்போதுதான் ஆடி மாதத் திருவிழா வந்தது.

எங்கள் தோட்டத்து முனியாண்டி கோயிலில் எட்டு வருடமாக அண்ணன் மேல்தான் சாமி வரும். ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் பூஜை. உடுக்கை அடிக்க அடிக்க அவர் உடம்பு முறுக்கும். சாமி வந்ததும் அரிவாள் மேல் நின்று வாக்குச் சொல்லும். பிறகு சுருட்டு கேட்கும். கொடுக்கிற சுருட்டைப் பிடித்துக்கொண்டுதான் சனங்களுக்குத் திருநீறு போடும். சுருட்டு இல்லாத முனியாண்டி எங்கள் பக்கம் கிடையாது.

திருவிழாவுக்கு முதல் வாரம் நானும் அண்ணியும் இதைப் பற்றிப் பேசினோம். இந்த வருடம் வேறு யாரையாவது நிற்கச் சொல்லலாமா என்று அண்ணி கேட்டார். சாமி யார் மேல் வருவது என்று நாமா முடிவு செய்வது என்றார் அம்மா. சாமி பிடிப்பது சாமிக்குத்தான் போகும், மனுசனுக்குப் போகாது என்றும் சொன்னார். தோட்டத்தில் எல்லோரும் நம்புவது அதுதான். சாமி ஒரு போத்தலைக் காலி செய்யும், சாமி மலையேறிய பிறகு அண்ணன் வாயை முகர்ந்து பார்த்தால் சாராய வாடையே இருக்காது என்பார்கள். நானே அப்படி எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் ஒரு நாளும் முகர்ந்து பார்த்ததில்லை.

அண்ணனிடமும் கேட்டோம். “சாமி கேட்டா குடுத்துருங்க. சாமிக்கு இல்லேன்னு சொல்லக் கூடாது” என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எங்கள் குடும்பத்து ஆள் மேல் சாமி வருவதால் படையல் தட்டு எங்கள் வீட்டுப் பெண்கள் கையில்தான் இருக்கும். அன்றைக்கு என் கையில் இருந்தது. எலுமிச்சம்பழம், வெற்றிலை, ஒரு கட்டுச் சுருட்டு. நல்ல வெயில். சாமி வந்து, வாக்குச் சொல்லிவிட்டு, நேராக என் முன்னால் வந்து கையை நீட்டியது. நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டு, வேண்டாம் சாமி, இந்த உடம்பு நெஞ்சுவலி வந்த உடம்பு என்று சொல்லியிருக்கலாம். சாமிதானே, சொன்னால் கேட்டிருக்கும். சுற்றி இருநூறு முன்னூறு பேர். ஒரு சுருட்டை எடுத்துக் கொடுத்தேன். பூசாரி சூடத்தில் பற்ற வைத்தார்.

மற்ற வருடங்களில் சாமி எப்படிப் பிடிக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கன்னம் உப்பப் புகையை வாங்கி, உடனே சனங்கள் மேல் ஊதும். பாதி வாய்க்குப் போகும், பாதி காற்றுக்குப் போகும். அன்றைக்கு அப்படி இல்லை. நெஞ்சு நிறைய இழுத்தது. இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றது. பழக்க தோஷத்தில் நான் மனதுக்குள் எண்ண ஆரம்பித்துவிட்டேன். பத்தைத் தாண்டியதும் தோள் இரண்டும் கீழே இறங்கின. நெற்றி விரிந்தது. கண் லேசாக மூடித் திறந்தது.

அது சாமி இல்லை. பின்கதவுப் படியில் உட்கார்ந்திருக்கும் என் அண்ணன்.

எனக்கு மட்டும்தான் அது தெரிந்தது. பக்கத்திலிருந்த சனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தட்டைக் கீழே போட்டுவிட்டு, அண்ணே, துப்புங்க என்று கத்தியிருக்க வேண்டும். கத்தினால் அத்தனை பேர் நடுவில் என் அண்ணனைப் பொய்யன் என்று சொன்ன மாதிரி ஆகும். எட்டு வருடமும் பொய் என்று ஆகும். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாமி இரண்டாவது சுருட்டு கேட்டது. அதையும் கொடுத்தேன்.

அடுத்த நாள் காலையில் அண்ணன் குளியலறைக்குப் பின்னால் நின்றதைப் பார்த்தேன். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். காதோரம் புகை வந்துகொண்டிருந்தது. திட்டத்தான் போனேன். திட்ட முடியவில்லை. அண்ணே, சாமிதானே பிடிச்சுச்சு, நீங்க எதுக்குப் பிடிக்கிறீங்க என்று மட்டும் கேட்டேன்.

மறைத்த கையை முன்னால் கொண்டுவந்தார். பிறகு சொன்னார். “சாமி வந்துச்சு தங்கச்சி. சத்தியமா வந்துச்சு. புகை உள்ள போனோன்ன சாமி எறங்கிப் போயிருச்சு. இது மட்டும் எறங்க மாட்டேங்குது.”

அண்ணியிடம் சொல்லாதே என்றார். நான் சொல்லவில்லை. அதுவும் என் தப்புதான். ஒரு வாரத்தில் அண்ணி தானாகவே கண்டுபிடித்தார். அதன் பிறகு வீட்டில் தினமும் சண்டை. அண்ணன் எதிர்த்துப் பேசவே மாட்டார். நாளைக்கு விட்டுவிடுகிறேன் என்பார். அந்த நாளைக்கு என்பதை அவர் நம்பித்தான் சொன்னார், ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை. காலையில் லைட்டரைக் கிணற்றடிப் புதரில் வீசுவார். மத்தியானம் அதே புதரில் குனிந்து தேடிக்கொண்டிருப்பார். முப்பத்து நாலு வயது ஆம்பிளை புல்லுக்குள் கையை விட்டுத் துழாவுவதைச் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. அவர் பாதி பிடித்து அணைத்து வைத்த சிகரெட் ஒன்று சன்னல் கட்டையில் இருந்தது. அப்படி இதில் என்னதான் இருக்கிறது என்று பார்க்கத் தோன்றியது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து பற்ற வைத்து, அண்ணன் மாதிரியே நெஞ்சு வரை இழுத்தேன். தொண்டை எரிந்து, இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் கொட்டியது. பிடிவாதமாக இன்னும் இரண்டு தடவை இழுத்தேன். திடீரென்று தலை சுற்றியது. நெஞ்சு படபடவென்று அடித்தது, விரல் நுனியெல்லாம் சில்லிட்டது, வாயில் எச்சில் ஊறி ஊறி வந்தது. கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அந்தச் சுற்றலுக்கு நடுவில் ஒரு சின்ன நேரம், அண்ணியின் அழுகை, ஃபேக்டரி சூப்பர்வைசரின் வாய், அண்ணன் நெஞ்சு, எல்லாம் எங்கோ தூரத்தில் போய் நின்ற மாதிரி இருந்தது. எனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லாத மாதிரி. நன்றாக இருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. உடனே குமட்டிக்கொண்டு வந்து, சாப்பிட்ட சோற்றையெல்லாம் வாந்தி எடுத்தேன்.

ஒரே ஒரு தடவைக்கு எனக்கு இப்படி. அண்ணனுக்குப் பதினைந்து வயதிலிருந்து, தினமும், எத்தனை தடவை. அன்றோடு அவரைக் கண்டிக்கும் தைரியம் எனக்குப் போய்விட்டது. விடச் சொல்வது சுலபம், விடுகிறவனுக்குத்தான் தெரியும் என்று ஊரில் சொல்வார்கள். நான் மறுபடியும் மிஸ்ஸியைப் போய்ப் பார்த்திருக்கலாம். ஒருமுறை விட்டவர் இன்னொரு முறையும் விடுவார் என்று சொல்லியிருப்பார், வழி ஏதாவது காட்டியிருப்பார். ஆயர் குரோ ஃபேக்டரியில் வேலை முடிந்து மலாக்காவுக்கு ஒரு பஸ் ஏறினால் போதும். சாமிக்குச் சுருட்டு கொடுத்த கதையைச் சொல்ல வேண்டி வருமே என்ற வெட்கத்தில், அடுத்த சம்பளம், அடுத்த லீவு என்று தள்ளிக்கொண்டே போனேன்.

ஒரு புதன்கிழமை காலை பத்து மணி வாக்கில் ஃபேக்டரிக்குப் போன் வந்தது. வேலைக்காட்டில் குலையை வெட்டிவிட்டு, களைப்பாக இருக்கிறது என்று மரத்தடியில் உட்கார்ந்தாராம். ஒட்டுக்கடையில் கிண்டல் செய்த அந்தக் கூட்டாளிதான் அவரைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு லாரியில் வந்திருக்கிறார். வழியில் அலோர் காஜாகூடத் தாண்டவில்லை. டாக்டர் சொன்ன மாதிரியே ஆஸ்பத்திரி வந்து சேரவில்லை. அந்தக் கூட்டாளி இன்றைக்கும் என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்கிறார். அவர் தப்பு என்ன இருக்கிறது. சுருட்டைக் கொடுத்தது நான்தான் என்று அவரிடமாவது சொல்ல நினைக்கிறேன்.

பதினாறாம் நாள் படையல் போட்டோம். அவருக்குப் பிடித்ததெல்லாம் வைத்தார்கள். கோழிக்கறி, ரொட்டி சானாய், வெட்டிய பப்பாளி. அம்மா ஒரு சிகரெட் பாக்கெட்டைக் கொண்டு வந்தார். அண்ணி சட்டென்று இலைக்குக் குறுக்கே கையை வைத்தார்.

“வேணாம் அத்த. இதுதானே கொன்னுச்சு.”

“புடிச்சத வைக்காம என்னா படையலு? அங்க போயும் எம்புள்ள தவிச்சுக்கிட்டு நிக்கணுமா?” என்றார் அம்மா.

அண்ணி கையை எடுக்கவில்லை. அம்மா பாக்கெட்டைக் கீழே வைக்கவில்லை. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மிஸ்ஸி சொன்னதை நினைத்தேன். அந்தத் தவிப்பு இருப்பது மூளையில். மூளையைத்தான் எரித்துவிட்டோமே, அதோடு அதுவும் போயிருக்க வேண்டும். ஆனால் அம்மா சொல்கிற மாதிரி ஆத்மாவோடு கூடவே போயிருந்தால்? எனக்கு எது உண்மை என்று தெரியவில்லை. படித்தவர்களுக்குத் தெரியுமோ என்னவோ. நான் தலையைக் குனிந்துகொண்டேன். கடைசியில் அம்மா ஒன்றைப் பற்ற வைத்து இலை ஓரத்தில் வைத்தார். யாரும் இழுக்காமலேயே அது எரிந்து முடிந்தது. எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன். இறங்குவதற்கு அங்கே தோள் இல்லை.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்னை மன்னிக்கச் சொல்லவில்லை. நீங்கள் கோயிலுக்குப் போகிறவர்களாக இருந்தாலும் சரி, சர்ச்சுக்குப் போகிறவர்களாக இருந்தாலும் சரி, அடுத்த முறை கும்பிடும்போது என் அண்ணனையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். அவர் இப்போது எங்கே இருந்தாலும் அங்கே அவருக்கு அந்தத் தவிப்பு இருக்கக் கூடாது, கை சட்டைப்பையைத் தேடக் கூடாது என்று எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள்.